நாலு ரன் மரியாதை

எங்கள் கிரிக்கெட் வாரியத் தலைவரை யாராலும் அவுட் ஆக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். வாரிய அலுவலக வராந்தாவில் ஆளுயரத்துக்கு அவர் படம் மாட்டியிருக்கும். கோட்டும் சூட்டுமாக, காலில் பேடு கட்டிக்கொண்டு, மட்டையை ஓங்கியபடி நிற்பார். கீழே பித்தளைத் தகட்டில் ‘ஆட்டமிழக்காதவர்’ என்று பொறித்திருப்பார்கள். அந்தப் படத்தைத் தாண்டித்தான் நாங்கள் உடை மாற்றப் போக வேண்டும். பெண்களுக்குத் தனி அறை கட்டித் தருவதாகச் சொல்லி அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு வருடா வருடம் பெயிண்டும் அடிக்கிறார்கள். அறை வருகிற வரைக்கும் துடைப்பமும் பக்கெட்டும் வைக்கிற அறைதான் எங்களுக்கு.

நான் பெண்கள் அணியின் விக்கெட் கீப்பர். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்தை ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பிடிப்பது என் வேலை. ஆனால் ஆட்டத்தில் நான் பந்து பிடித்து ஏகப்பட்ட காலம் ஆகிவிட்டது. ஆட்டத்துக்கென்று எடுத்துவைத்த என் கையுறை இன்னும் கடையில் வாங்கின பளபளப்போடு இருக்கிறது. வெட்கக்கேடு! அதற்கு நான் காரணமில்லை. காரணம் யார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறேன்.

எங்கள் அணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் உண்டு. எல்லோரும் அவளை ‘ரயிலு’ என்றுதான் கூப்பிடுவோம். எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து ஓட ஆரம்பிப்பாள். குறுக்கே நாய் வந்தாலும் நிற்க மாட்டாள், நாய்தான் ஒதுங்க வேண்டும். பயிற்சியில் அவள் போட்ட பந்தைப் பிடித்தால் உள்ளங்கை சாயங்காலம் வரைக்கும் எரியும். அப்படிப்பட்டவளை வாரியம் எதற்குப் பயன்படுத்தியது தெரியுமா? தொடக்கப் பந்து போட.

தொடக்கப் பந்து என்பது எங்கள் வாரியத்தின் பரம்பரை வழக்கம். எந்தப் போட்டியையும் நாங்கள் ரிப்பன் வெட்டித் தொடங்குவதில்லை. தலைவர் மட்டையோடு இறங்குவார். ஒருத்தர் மெதுவாக ஒரு பந்து போடுவார். தலைவர் அதை அடிப்பார், எல்லோரும் கைதட்டுவோம். இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வருடம் ஆண்டுக் கூட்டத்தில் தலைவருக்கு மனசு நொந்துவிட்டது. “நாட்டுல இருக்கிற எல்லா மைதானத்துலயும் ஆடியிருக்கேன். என் பேர்ல ஒரு ரன்கூட இல்லையே” என்றாராம். செயலாளர் கண் கலங்கிப்போய் அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தொடக்கப் பந்தும் ஆட்டத்தின் பந்துதான். அதில் எடுக்கிற ரன் தலைவர் கணக்கில் ஏறும். கொடுக்கிற ரன் போட்டவள் தலையில் விழும். முன்தேதியிட்டு, பழைய பந்துகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ரயிலு முதல் தடவை தொடக்கப் பந்து போட்ட அன்றைக்குச் செயலாளர் மைதானத்துக்குள் வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் ஓடி வர்ற பொண்ணா?”

“ஆமா சார்.”

“இன்னைக்கு ஓட வேணாம். நடந்து வந்து போடு. தலைவருக்கு முட்டி வலி.”

பந்து போடுகிறவள் ஓடுவதற்கும் அடிக்கிறவர் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. புதுசு, பாவம். நடந்து வந்து, குழந்தைக்கு உருட்டிவிடுகிற மாதிரி போட்டாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, நாலடி உருண்டு, புல்லில் படுத்துக்கொண்டது. நான் எடுக்கப் போனேன். “தொடாதே!” என்று செயலாளர் கத்தினார். மைதானப் பணியாளர்கள் ஓடிப்போய் எல்லைக் கயிற்றைத் தூக்கினார்கள். இழுத்துக்கொண்டு வந்து, பந்துக்கு இந்தப் பக்கம் போட்டார்கள். அம்பயர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நாலு என்றார்.

நான் வாயைப் பிளந்து நின்றேன். கீப்பர் வாயைப் பிளக்கக் கூடாது, கை தட்ட வேண்டும் என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

தலைவருக்கு ஒரே சந்தோஷம். “ராசியான கை! இனிமே இந்தப் பொண்ணுதான் எனக்குப் போடணும்” என்று சொல்லிவிட்டார். அப்புறம் அவர் பேசினார், செயலாளர் பேசினார், அவர் பேசியதைப் பாராட்டி இன்னொருத்தர் பேசினார். அரைத்த மாவையே அரைத்து முடித்துப் படம் எடுத்தார்கள். கண் மூடியிருந்தவர்களுக்காக மறுபடியும் எடுத்தார்கள். பெரியவர்கள் சாப்பிடப் போனார்கள். மதியத்துக்கு மேல் ஆண்கள் அணிக்குப் பயிற்சி, மைதானம் வேண்டும். ‘நேரமின்மையால் ஆட்டம் கைவிடப்பட்டது’ என்று அறிவித்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆட்டத்தில் நடந்தது மொத்தமே ஒரு பந்துதான்.

அடுத்த ஆட்டமும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும் அப்படித்தான். இப்படியே மூன்று சீசன் ஓடியது.

நடுவில் ரயிலை ஒரு பயிற்சி முகாமுக்கு வேறு அனுப்பினார்கள். வேகத்தைக் கூட்டவோ, பந்தைக் காற்றில் வளைக்கக் கற்றுக்கொள்ளவோ என்று நினைத்தால் நீங்களும் எங்களை மாதிரி அப்பாவி. தொடக்கப் பந்துப் பயிற்சி முகாம் அது. பயிற்சியாளர் ஆயுளில் ஒரு பந்து போட்டதில்லை. கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தவர்.

“பந்துங்கிறது என்னம்மா? ஒரு வரவேற்பு. வீட்டுக்கு விருந்தாளி வந்தா கதவை மூஞ்சியில அறைவோமா? வாங்க வாங்கன்னு சொல்லுவோம்ல? அந்த ‘வாங்க’தான் பந்து. ஓடி வரும்போது சிரிக்கணும். பல்லு தெரியணும், ஈறு தெரியக் கூடாது.”

“சார், ஸ்டம்பைப் பார்த்துத்தானே போடணும்?”

“ஸ்டம்பைப் பார்க்கவே கூடாது. அது மரியாதைக் குறைவு.”

அவள் ஓட்டத்தை மூன்று அடியாகக் குறைத்தார்கள். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவது மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அதற்கும் ஒரு அளவு வைத்தார்கள். அவ்வளவு பெரிய ரயிலைத் தள்ளுவண்டி ஆக்கிவிட்டார்கள் பாவிகள்.

தலைவர் அடித்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. துணைத் தலைவர் பேடு கட்டினார். பிறகு அவருடைய மச்சான் கட்டினார். மச்சான் வீசிய வீச்சில் அவர் மட்டையே ஸ்டம்பைத் தட்டிவிட்டது. காற்று என்று அறிவித்தார்கள். அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. இன்னொருத்தர், விளம்பரம் தருகிற கம்பெனியின் முதலாளி, எத்தனை முறை போட்டாலும் பந்தைத் தொடவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் செயலாளர் ரயிலின் காதில் ஏதோ சொன்னார். அவள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய், அவர் மட்டையில் தொட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கும் நாலு, முன்னால் விட்டதெல்லாம் ஒத்திகை.

ரயிலின் அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். வாரியம் எங்களுக்குக் கொடுக்கிற சட்டையெல்லாம் ஆண்கள் அணி கழித்துக் கட்டியது. அதைப் பிரித்துத் தைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து அனுப்புவார். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது மகளிடம் கேட்டார்.

“ஏண்டி, நீ அங்க பந்து போடப் போறியா, பந்தி பரிமாறப் போறியா?”

ரயிலு சட்டையை வாங்கிப் பைக்குள் திணித்தாள். மடிப்பெல்லாம் கசங்கிவிட்டது. அம்மா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

அந்த வாரம்தான் ஒப்பந்தக் குழு ரயிலைக் கூப்பிட்டது. தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் செயலாளரும், அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு புள்ளிவிவர அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிவிவர அதிகாரிக்குத் தன்னைப் பற்றி ரொம்பப் பெருமை. அவர் தும்மினால்கூட தசமப் புள்ளியோடு தும்முவார்.

“மூணு சீசன் ஆச்சு. ஒரு விக்கெட் இல்ல” என்றார் செயலாளர். “போட்ட ஒவ்வொரு பந்துக்கும் நாலு ரன் கொடுத்திருக்க. உலகத்துலயே இவ்வளவு மோசமா யாரும் போட்டதில்லம்மா. எனக்கே வருத்தமா இருக்கு.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

“சார், அதெல்லாம் நீங்க மெதுவா போடச் சொன்ன தொடக்கப் பந்து” என்றாள் ரயிலு.

“அது பந்துதானே?”

“பந்துதான்.”

“போட்டது நீதானே?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன?”

“ஆட்டமே நடக்கலையே சார். நடந்தாத்தானே விக்கெட் எடுக்க முடியும்?”

“ஆட்டம் நடக்காததுக்கு வாரியம் பொறுப்பில்லம்மா. நேரமின்மைதான் பொறுப்பு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “தொடக்கப் பந்தையெல்லாம் கணக்குல இருந்து எடுத்துடுங்க சார். இவ கணக்கு சுத்தமாயிடும்ல?” என்றேன்.

“தாராளமா எடுக்கலாம் மேடம். புள்ளிவிவரத்துக்கு அம்மா, அப்பா கிடையாது” என்றார் புள்ளிவிவர அதிகாரி. “ஆனா எடுத்தா...”

அவர் கண் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது. அங்கே ‘ஆட்டமிழக்காதவர்’ மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றார். புள்ளிவிவர அதிகாரி மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இங்க பாரும்மா, விதின்னு ஒண்ணு இருக்கு. ஒரு விக்கெட்கூட இல்லாம மூணு சீசன் முடிஞ்சா ஒப்பந்தம் ரத்து. தேசிய அணித் தேர்வுக்கும் உன் பேர் போகாது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு. அதுல ஒரு விக்கெட் எடுத்துடு. ஒண்ணே ஒண்ணு. முதல் ஆளா நானே உன் பேரை அனுப்பி வைக்கிறேன்.”

சொல்லிவிட்டு, பெரிய தர்மம் செய்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெளியே வந்ததும் ரயிலு அந்தப் படத்துக்கு எதிரே நின்றுவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயசு ஏறிக்கொண்டே போகிறது. வேகப்பந்து போடுகிற உடம்பு எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்? இந்த வருடம் தேர்வுக்குப் பேர் போகவில்லை என்றால் அவள் கதை அவ்வளவுதான்.

“அக்கா, கடைசி ஆட்டத்துல எத்தனை பந்து நடக்கும்?” என்று கேட்டாள்.

“வழக்கம் போல தொடக்கப் பந்து மட்டும்தான்.”

“முதல் பந்து யாருக்கு?”

நான் படத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“ஒண்ணு போதும்” என்றாள்.

“ஏய், என்னடி சொல்ற?” என்று பின்னாலேயே ஓடினேன். அவள் துடைப்ப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசி ஆட்டத்துக்கு வாரியம் செய்த தடபுடலைப் பார்க்க வேண்டுமே! தலைவர் கணக்கில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு ரன் இருந்தது. இன்றைக்கு ஒரு நாலு அடித்துவிட்டால் ஆயிரம். அதற்காக நுழைவாயிலில் பூவால் ‘ஆயிரம்’ என்று எழுதிய வளைவு. பிட்ச் வரைக்கும் சிவப்புக் கம்பளம். பறக்கவிட ஒரு வலை நிறைய பலூன். எல்லைக் கயிற்றைத் தூக்குகிறவர்களுக்குப் புதுச் சீருடை கொடுத்து ‘கயிற்றுக் குழு’ என்று முதுகில் அச்சடித்திருந்தார்கள். தலைவருக்குப் பின்னால் ஆடுவதற்காகத் துணைத் தலைவர், மச்சான், கம்பெனி முதலாளி எல்லோரும் பேடு கட்டிக்கொண்டு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு அணிப் பெண்களையும் வெயிலில் நிற்கவைத்துக் கையில் ஆளுக்கொரு கொடி கொடுத்திருந்தார்கள். எதிரணி கேப்டன், நல்ல பேட்டர், மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“பெண்கள் கிரிக்கெட்டை வளர்த்தது யார்? நான் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். நான்தான்! எங்கள் பெண்கள் ஆட வேண்டிய பந்துகளைக்கூட நானே ஆடி, அவர்கள் களைத்துப்போகாமல் பார்த்துக்கொண்டேன். இந்த மூன்று சீசனில் நம் பெண்கள் அணி ஒரு ஆட்டத்திலாவது தோற்றதுண்டா? கிடையாது!”

கைதட்டல். தோற்கவில்லை, உண்மைதான். ஆடினால்தானே தோற்பதற்கு.

“சிலர் புறம் பேசுகிறார்கள். மெதுவாகப் போடச் சொல்லித்தான் நான் அடிக்கிறேனாம். பொறாமை! இதோ, ஊரே பார்க்கச் சொல்கிறேன். ஏ பொண்ணே, இன்னைக்குப் பயப்படாதே. உன் முழு வேகத்துல போடு! நான் அனுமதிக்கிறேன்!”

ஆரவாரம் காதைப் பிளந்தது. செயலாளர் சிரித்துக்கொண்டே ரயிலைப் பார்த்து, மூன்று விரலைக் காட்டினார். மூன்று அடி, மறந்துவிடாதே என்று அர்த்தம். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வழக்கம் போல ஸ்டம்பை ஒட்டிக் குந்தினேன். மெதுவான பந்துக்கு அதுதான் இடம். ரயிலு என்னிடம் வந்தாள். பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்.

“அக்கா, பின்னால போ.”

“எவ்வளவு?”

“பயிற்சியில நிக்கிற அளவுக்கு.”

நான் தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். “அவர் வயசானவர்டி. மேல கீல பட்டுடப் போகுது.”

“ஆளைத் தொட மாட்டேன். கட்டையை மட்டும்தான்.”

நான் எழுந்து பின்னால் நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். கீப்பர் எங்கே போகிறாள், கழிப்பறைக்கா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ரயிலு கம்பளத்தைத் தாண்டி, கயிற்றுக் குழுவைத் தாண்டி நடந்துபோனாள். காலையிலேயே காலால் கீறி வைத்திருந்த பழைய அடையாளத்தில் திரும்பி நின்றாள். செயலாளரின் மூன்று விரலும் அப்படியே காற்றில் நின்றன.

தலைவர் மட்டையைத் தரையில் ஊன்றி, “நடு ஸ்டம்ப் காட்டுப்பா” என்று அம்பயரிடம் கேட்டார். அம்பயர் காட்டினார். “மூணுல அது எது?” என்றார் தலைவர்.

ரயிலு ஓடி வந்தாள்.

நான் அந்த ஓட்டத்தைப் பயிற்சியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் மைதானம் நிறைய ஆள் இருக்க, தேய்த்த சட்டையில், தலை ஆடாமல், கை தலைக்கு மேல் முழுசாக ஏறி அவள் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்கவில்லை. பல்லும் தெரியவில்லை, ஈறும் தெரியவில்லை. பந்து தலைவரின் மட்டைக்கு அடியில், கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையைத் தொட்டது. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு, புரண்டு புரண்டு வந்து என் காலடியில் விழுந்தது.

தலைவர் அதற்கப்புறம்தான் மட்டையை வீசினார். நல்ல வீச்சு. பந்து மட்டும் இருந்திருந்தால் பட்டிருக்கும். அம்பயருக்குப் பழக்க தோஷம், கை தானாக எழுந்து நாலு என்று ஆட ஆரம்பித்துவிட்டது. கயிற்றுக் குழு கயிற்றைத் தூக்கிக்கொண்டு பந்தைத் தேடியது. வலையை அவிழ்த்துவிட்டார்கள், பலூன்கள் மேலே போயின. இந்த அமளிக்கு நடுவில் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் கேட்டது.

“அடி சக்கை!”

சலவை நிலையத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அவள் அம்மா.

உடனே வாரியம் மொத்தமும் பிட்சில் கூடிவிட்டது. செயலாளருக்கு முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

“நோ-பால்! கால் கோட்டைத் தாண்டிடுச்சு!”

அம்பயர் குனிந்து பார்த்தார். ரயிலின் ஷூ தடம் கோட்டுக்கு உள்ளேதான் பளிச்சென்று பதிந்திருந்தது. ஊரே குனிந்து பார்த்தது. அம்பயருக்கு என்ன தோன்றியதோ, “கால் உள்ளதான் சார் இருக்கு” என்றார்.

“அப்ப காத்து!”

“ஸ்டம்ப் எங்க போய் விழுந்திருக்கு பாருங்க சார்” என்று நான் அதைத் தூக்கிக் காட்டினேன். “இந்தக் காத்துல நீங்க யாருமே நின்னிருக்க முடியாது.”

“சும்மா இரும்மா! ஏய் பொண்ணே, உன் வாழ்க்கை முடிஞ்சுது. புரியுதா?”

“ஒரு விக்கெட் இல்லன்னா முடியும்னு சொன்னீங்க சார்” என்றாள் ரயிலு. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, குரல் மட்டும் நடுங்காமல் வந்தது. “இப்ப ஒண்ணு இருக்கே.”

“இது விழாப் பந்து! விழாப் பந்துல அவுட் கிடையாது!”

“சரி சார். அப்படியே எல்லார் முன்னாலயும் மைக்ல சொல்லிடுங்க. இது விழாப் பந்துதான், ஆட்டம் இல்லன்னு. அப்ப நான் இதுவரைக்கும் போட்டது எல்லாமே விழாப் பந்துதான். நான் கொடுத்த நாலு ஒண்ணுகூட என் கணக்குல இருக்கக் கூடாது.”

“அதுக்கென்ன, எடுத்துட்டாப் போச்சு!” என்று செயலாளர் மைக்குக்குக் கையை நீட்டினார். புள்ளிவிவர அதிகாரி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

“சார், சார், நில்லுங்க! இவங்க கணக்குல எடுத்தா தலைவர் கணக்குலயும் எடுக்கணும். அவருக்கு மிச்சம் இருக்கிறது...”

“எவ்வளவு?” என்றார் தலைவர்.

“பூஜ்யம் சார். அதுவும் முழுப் பூஜ்யம். நீங்க கிரிக்கெட்டே ஆடினதில்லன்னு ஆயிடும்.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் எப்படி இருக்கும்? அப்படி நின்றார் தலைவர். அவுட் என்றால் ஆயிரம் போயிற்று. அவுட் இல்லை என்றால் எல்லாமே போயிற்று. எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் துடைப்ப அறை ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

“அவுட்னு வெச்சுக்கிட்டா என்ன ஆகும்?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

புள்ளிவிவர அதிகாரி மடிக்கணினியைத் திறந்தார். தட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

“சார்! இதுவரைக்கும் உங்களுக்குச் சராசரியே கிடையாது. ஒரு தடவையாவது அவுட் ஆனாத்தான் வகுத்துச் சராசரி சொல்ல முடியும். இப்ப சொல்லலாம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு! உலகத்துல எவனுக்கும் இப்படி ஒரு சராசரி கிடையாது!”

தலைவர் நிமிர்ந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக்கை வாங்கினார்.

“விளையாட்டு உணர்வு என்றால் என்ன என்று இன்று இந்த நாட்டுக்குக் காட்டப்போகிறேன். அம்பயர் அவர்களே, நான் அவுட்! இந்தப் பெண்ணின் வளர்ச்சிக்காக என் விக்கெட்டை நானே அவளுக்கு வழங்குகிறேன்!”

வழங்குகிறாராம்! என் கையிலிருந்த ஸ்டம்பைக் கேட்டால் சொல்லும். இருந்தாலும் அம்பயர் விரலைத் தூக்கினார். எத்தனை வருடமாகத் தூக்காத விரலோ, பாதி ஏறி நின்றது. அப்புறம் நேராகிவிட்டது. ரயிலு குதிக்கவில்லை, கத்தவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. நான் ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டேன்.

இப்போது வராந்தாவில் தகட்டை மாற்றிவிட்டார்கள். ‘சராசரி 996’ என்று போட்டிருக்கிறது. செயலாளர் வாக்குக் கொடுத்தபடி ரயிலின் பேரைத் தேர்வுக்கு அனுப்பினார். அனுப்பாமல் என்ன செய்வார்? தலைவரையே அவுட் ஆக்கியவளுக்குத் திறமை இல்லை என்று எழுதினால், தலைவரைப் பற்றி எழுதிய மாதிரி ஆகிவிடுமே.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த விரல் இறங்கியதும் செயலாளர், “அடுத்து துணைத் தலைவர் அவர்கள்” என்று அறிவித்தார். ரயிலு பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு தன் அடையாளத்துக்கு நடந்தாள். துணைத் தலைவர் அதைப் பார்த்தார். என் கையில் இருந்த ஸ்டம்பைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொண்டது. மச்சானுக்குப் போன் வந்தது. மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு “ஹலோ, ஹலோ” என்று வெளியே போனவர் வரவே இல்லை. கம்பெனி முதலாளி காலில் கட்டிய பேட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அது தன்னுடையது இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

மூன்று சீசனில் முதல் தடவையாக விழா சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரமின்மை எங்கே போனதென்று தெரியவில்லை. மைதானம் காலியாக, எங்களுக்காகக் கிடந்தது.

எதிரணி கேப்டன் கொடியைக் கீழே போட்டாள். கக்கத்திலிருந்த மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். நடு ஸ்டம்பை நான் நட்டுக் கொடுத்தேன். “எவ்வளவு நாளாச்சு இல்ல?” என்றாள் என்னிடம். “ஆமா” என்றேன். பின்னால் போய் நின்றேன்.

முதல் பந்து அவள் மட்டையை உரசுகிற மாதிரி தாண்டி வந்து என் கையுறையில் அறைந்தது. உள்ளங்கை திகுதிகு என்று எரிந்தது. அப்பாடா! அந்த எரிச்சலுக்கு எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது பந்தை அவள் விடவில்லை. ஒரு கால் முன்னால் வைத்து அடித்தாள் பாருங்கள் ஒரு அடி! பந்து புல்லைச் சீவிக்கொண்டு போனது. கயிற்றுக் குழு பழக்கத்தில் கயிற்றைத் தூக்கக் குனிந்தது. குனிவதற்குள் பந்து கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது.

நாலு.

யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டியது இதற்குத்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. புள்ளிவிவர அதிகாரி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தார். ரயிலு இடுப்பில் கை வைத்து நின்று, பந்து போன வழியைப் பார்த்துச் சிரித்தாள். பல்லும் ஈறும் தெரியச் சிரித்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“என்ன சார் பாக்கிறீங்க? எழுதிக்கோங்க. அந்த நாலு என்னுதுதான்!”

சொல்லிவிட்டு, அடுத்த பந்துக்காகத் தன் அடையாளத்துக்கு நடந்தாள்.